மகதலா மரியாளின் கண்ணீரும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

(பங்கின் பொன்விழா ஆண்டில், புனித மகதலா மரியாள் விழா மாலையில் ஆற்றிய உரை)



பொன்விழாவையொட்டி நடைபெற்றுவரும் இவ்வுரைகளில் இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல். அதுவும் தமிழ்ச் சொல் அன்று, ஆங்கிலச் சொல். திருவிழா நாளில் ஆங்கிலப் பாடமா என்று சிலர் புன்முறுவல் பூக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இன்றைய விழா நாயகியின் பெயரே ஒளிந்துகிடக்கிறது. ஒரு புனிதையின் பெயர் எப்படி ஓர் ஏளனச் சொல்லாக மாறியது என்று அறிவது, அந்தப் புனிதையைப் புதிதாகக் கண்டுகொள்ளவும், நம்மை நாமே சோதித்துக்கொள்ளவும் உதவும் என்பதால்தான் இதைத் தேர்ந்துகொண்டோம்.

அந்தச் சொல் 'மாட்லின்' என்பது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் கதைகளிலும் திரைப்பட விமரிசனங்களிலும் இச்சொல்லைப் பார்த்திருப்பார்கள். அளவுக்கு மீறி உணர்ச்சிவசப்பட்டு உருகுவது, சின்னக் காரியத்துக்கெல்லாம் கண்ணீர் வடிப்பது, தன்மேல் தானே இரக்கப்பட்டுக் கரைந்துபோவது, இவையெல்லாம் 'மாட்லின்'. குறிப்பாகச் சொன்னால், குடிபோதை தலைக்கேறிய ஒருவன் அழுது புலம்புகிறானே, அந்த நிலைக்குத்தான் இச்சொல் முதன்முதலில் அடைமொழியாயிற்று. பாராட்டாக இச்சொல்லை எவரும் சொல்வதில்லை. ஒரு நாடகத்தையோ கவிதையையோ 'மாட்லின்' என்று சொல்லிவிட்டால், அதில் உள்ளது உண்மையான துயரம் அன்று, வெறும் மூக்குச் சிந்தல் என்று பொருள்.

இந்தச் சொல் வேறெதுவும் அன்று. மகதலேனா என்ற பெயரேதான்.

பெயர் நடந்துவந்த வழி

கலிலேயக் கடலின் மேற்குக் கரையில் மகதலா என்ற ஊர் இருந்தது. கோபுரம் என்னும் பொருள்கொண்ட சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. மீன் பிடித்து, உப்பிட்டுப் பதப்படுத்தி, வெளியூர்களுக்கு அனுப்பிய ஊர் என்பர் ஆய்வாளர். 2009-ஆம் ஆண்டில் அங்கே நடந்த அகழாய்வில், முதல் நூற்றாண்டைச் சேர்ந்த தொழுகைக்கூடம் ஒன்று மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. ஆண்டவர் இயேசுவின் காலத்து மக்கள் கூடி வேதம் கேட்ட இடம் அது.

அந்த ஊரைச் சேர்ந்த மரியாள் என்பதால் அவர் மகதலா மரியாள் எனப்பட்டார். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் 'மக்தலேனா' என்று இருந்த அடைமொழி, பிரெஞ்சு மக்களின் நாவில் 'மதலேன்' ஆயிற்று. நடுவில் இருந்த 'க்' தேய்ந்துபோயிற்று. நார்மானியர் ஆட்சிக்குப்பின் பிரெஞ்சுச் சொற்கள் ஏராளமாக இங்கிலாந்தில் குடியேறியபோது இப்பெயரும் உடன் வந்தது. அங்கே அது 'மாடலின்' என்றும், பின்னர் 'மாட்லின்' என்றும் ஒலித்தது. 1400-இல் மறைந்த ஆங்கிலக் கவிஞர் சாசர், தமது காண்டர்பரிக் கதைகளின் முன்னுரையில் ஒரு மாலுமியை அறிமுகப்படுத்துகிறார். அவனுடைய கப்பலுக்கும் இந்தப் பெயர்தான். கப்பலுக்குச் சூட்டும் அளவுக்கு அன்று அது மதிப்புள்ள பெயராக இருந்தது.

நம் தமிழ்நாட்டிலும் இதுவே நடந்திருக்கிறது. போர்த்துக்கீசியர் 'மதலேனா' என்று சொன்னதைக் கேட்ட நம் முன்னோர், 'மரிய மதலேனம்மாள்' என்றே வழங்கினார்கள். விவிலியத்தில் மகதலா என்று படிக்கும் நாம், பாட்டிமார் வாயில் மதலேன் என்று கேட்டது இதனால்தான். ஆங்கிலேயர் பெயரிலும் நம் பாட்டிமார் சொன்ன பெயரிலும் ஒரே எழுத்துத்தான் உதிர்ந்திருக்கிறது!

இங்கிலாந்தில் இந்தப் பழைய உச்சரிப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1458-ஆம் ஆண்டில் வின்செஸ்டர் ஆயர் வில்லியம் வேயின்ஃபிளீட் இப்புனிதையின் பெயரால் ஒரு கல்லூரியை நிறுவினார். கேம்பிரிட்ஜில் 1428-இல் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மாணவர் இல்லமாகத் தொடங்கிய ஒன்று, 1542-இல் இதே பெயரோடு கல்லூரியாக மீண்டும் நிறுவப்பட்டது. பலகையில் 'மக்டலன்' என்று படிக்கும்படி எழுதியிருப்பார்கள். ஆனால் இரண்டு கல்லூரிகளின் பெயரையும் 'மாட்லின்' என்றே சொல்வார்கள். புதிதாகப் போகிறவர்கள் எழுத்தைப் பார்த்து உச்சரித்துவிட்டுத் திருத்தப்படுவது வழக்கம். கற்றவர்கள் இலத்தீனைப் பார்த்து எழுத்தைத் திருத்திக்கொண்டார்கள். மக்கள் தங்கள் நாவைத் திருத்திக்கொள்ளவில்லை. அழுகையைக் குறிக்கும் சொல்லோ, மக்கள் பேசியபடியே எழுத்திலும் நின்றுவிட்டது. ஆகவே ஒரே பெயர், கல்லூரி வாசலில் மரியாதையோடும் அகராதியில் ஏளனத்தோடும் நிற்கிறது.

கண்ணீர் எப்படி வந்து சேர்ந்தது?

இனி ஒரு கேள்வி எழுகிறது. மகதலா மரியாள் என்றவுடன் கண்ணீர் ஏன் நினைவுக்கு வரவேண்டும்?

நற்செய்தி நூல்களில் மூன்று பெண்களை நாம் சந்திக்கிறோம். முதலாமவர், ஏழு பேய்களிடமிருந்து விடுதலை பெற்று ஆண்டவரைப் பின்தொடர்ந்த மகதலா மரியாள். இவரை லூக்கா எட்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். இரண்டாமவர், அதே நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், பரிசேயர் சீமோன் வீட்டு விருந்தில் ஆண்டவரின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துக் கூந்தலால் துடைத்த பாவியான பெண். அவருடைய பெயர் சொல்லப்படவே இல்லை. மூன்றாமவர், பெத்தானியாவில் மார்த்தாவுக்கும் லாசருக்கும் சகோதரியான மரியாள். இவரும் ஆண்டவருடைய பாதங்களில் நறுமணத் தைலம் பூசியவர்.

கிழக்கத்தியத் திருச்சபையினர் இம்மூவரையும் வெவ்வேறு பெண்களாகவே போற்றிவந்தார்கள். மேற்கிலோ 591-ஆம் ஆண்டில் பாப்பரசர் பெரிய கிரகோரியார் உரோமையில் ஆற்றிய ஒரு மறையுரையில், மூவரும் ஒருவரே என்று சொன்னார். ஏழு பேய்களை அவர் எல்லாத் தீய குணங்களுக்கும் அடையாளமாகக் கண்டார். பாப்பரசர் யாரையும் இழிவுபடுத்த நினைத்தாரில்லை. கொள்ளைநோயும் பஞ்சமும் உரோமையை வாட்டிய காலம் அது. நம்பிக்கை இழந்து நின்ற மக்களுக்கு, எவ்வளவு பெரிய பாவியும் மன்னிப்புப் பெறலாம் என்ற ஆறுதலை ஒரு முகத்தோடு காட்ட அவர் விரும்பினார். அந்த ஆறுதல் உண்மையானது. ஆனால் அதற்காகக் கடன் வாங்கப்பட்ட முகம் வேறொருவருடையது.

அதற்குப் பின் அந்தப் பாவியான பெண்ணின் கண்ணீர் முழுவதும் மகதலா மரியாளின் கணக்கில் எழுதப்பட்டது. பாலைவனத்தில் தவம் செய்த எகிப்து மரியாளின் வரலாறும் அதனோடு கலந்தது. பிரான்சு நாட்டின் தென்பகுதியில் ஒரு குகையில் அவர் முப்பது ஆண்டுகள் அழுது தவம் செய்தார் என்ற மரபுக்கதை பரவியது. ஓவியர்களும் சிற்பிகளும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 15-ஆம் நூற்றாண்டில் ஃபிளாரன்ஸ் நகரச் சிற்பி தொனத்தெல்லோ மரத்தில் செதுக்கிய மகதலா மரியாள், எலும்பும் தோலுமாய், உடலைக் கூந்தலே ஆடையாய் மூட, வற்றிய முகத்தோடு நிற்கிறார். அடுத்த நூற்றாண்டில் வெனிஸ் ஓவியர் தித்சியானோ, வானத்தை நோக்கிய கண்களில் நீர் ததும்பும் மரியாளைத் திரும்பத் திரும்ப வரைந்தார்.

கோவில் சுவரில் பார்த்த ஓவியம் மக்களின் பேச்சில் இறங்காமல் இருக்குமா? பிரான்சிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும், தேம்பித் தேம்பி அழுகிறவர்களை 'மதலேனாளைப் போல அழுகிறாள்' என்று இன்றும் சொல்கிறார்கள். அங்கே அது நிறைய அழுகை என்ற அளவில் நின்றது. இங்கிலாந்தில் மேலும் ஒரு படி கீழே இறங்கியது.

கோவிலிலிருந்து குடிக்கடைக்கு

1592-ஆம் ஆண்டில் தாமஸ் நாஷ் என்ற ஆங்கில எழுத்தாளர் நகைச்சுவையான ஒரு நூல் எழுதினார். அதில் குடிகாரர்களை எட்டு வகையாகப் பிரிக்கிறார். குரங்கைப்போல் துள்ளுகிறவன், சிங்கத்தைப்போல் சீறுகிறவன், பன்றியைப்போல் கிடக்கிறவன், செம்மறியைப்போல் மந்தமானவன், ஆட்டுக்கடாவைப்போலவும் நரியைப்போலவும் நடப்பவன் என்று வரிசை போகிறது. அந்த விலங்குகளுக்கு நடுவே ஐந்தாம் வகையாக வருபவன் 'மாட்லின்' குடிகாரன். உள்ளே போன மது கண்வழியாக வெளியே வர, அவன் அன்பு பொங்கி அழுவான். பக்கத்தில் இருப்பவனைக் கட்டி முத்தமிட்டு, உன்மேல் எனக்கு எவ்வளவு பாசம் தெரியுமா என்பான்.

இப்படிப்பட்டவரை நாமும் பார்த்ததுண்டு அல்லவா? இரவில் தெருமுனையில் தோள்மேல் கைபோட்டு, "அண்ணே, உங்களுக்காக உயிரையே கொடுப்பேன்" என்று விம்முகிறார். காலையில் அந்த அண்ணன் எதிரே வந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். அந்த அழுகையில் அன்பும் இல்லை, மனவருத்தமும் இல்லை. அதற்குப் போய், கல்லறை வாயிலில் நின்ற ஒரு புனிதையின் பெயர் சூட்டப்பட்டது!

17-ஆம் நூற்றாண்டில் இச்சொல் குடிக்கடையை விட்டு வெளியே வந்து, மிகையான எல்லா உருக்கத்துக்கும் பொதுப் பெயராயிற்று. இதைச் சொன்னவர்களிடம் பகை எண்ணம் இருந்திருக்கவேண்டும் என்பதில்லை. புழக்கத்தில் காசு தேய்வதுபோல் பெயரும் தேய்கிறது. இலண்டனில் 1247-இல் பெத்லகேம் மரியன்னையின் பெயரால் தொடங்கிய துறவு இல்லம், பின்னாளில் மனநோயாளர் மருத்துவமனையாயிற்று. ஆகவே ஆண்டவர் பிறந்த ஊரின் பெயர் 'பெட்லம்' என்று சிதைந்து, கூச்சல் குழப்பத்துக்குப் பெயராயிற்று. 679-இல் மறைந்த புனித எத்தல்திரேதா அம்மையாரை மக்கள் ஆட்ரி என்று அழைத்தார்கள். அவர் பெயரால் விற்கப்பட்ட கழுத்துப் பட்டிகள் மலிவான பகட்டுச் சரக்காகிப்போக, 'டாட்ரி' என்றால் பகட்டான மட்டச்சரக்கு என்று பொருளாயிற்று. பயபக்தியோடு எடுத்தாளவேண்டிய பெயரைக் கவனமின்றிப் புழங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இம்மூன்று சொற்களும் சாட்சி.

பெயரால் விளைந்த துன்பம்

சொல் தேய்ந்தால் என்ன, அகராதிக்காரர் கவலைப்படட்டும் என்று நாம் இருந்துவிடலாமா? முடியாது. ஏனெனில் அந்தப் பெயர் உயிருள்ள பெண்கள்மேல் சுமத்தப்பட்டது.

வழிதவறியவர்கள் என்று ஊர் ஒதுக்கிய பெண்களைச் சேர்த்துச் சீர்திருத்துவதற்கென 1758-இல் இலண்டனில் 'மக்டலன்' இல்லம் திறக்கப்பட்டது. 1767-இல் டப்ளினில் ஒன்று தொடங்கியது. இரக்கத்தோடு தொடங்கிய முயற்சிகள்தாம் இவை. ஆனால் காலப்போக்கில் அயர்லாந்தில் இவை சலவைக்கூடங்களாயின. துறவறச் சபைகளின் பொறுப்பில் நடந்த அந்த இல்லங்களில், மணமாகாமல் தாயானவர்களும், யாருமற்ற சிறுமிகளும், எந்தக் குற்றமும் செய்யாதவர்களும் ஊதியமின்றித் துணி வெளுத்தார்கள். 1922 முதல் கடைசிக்கூடம் மூடப்பட்ட 1996 வரை குறைந்தது 10,000 பெண்கள் அவற்றினுள் போனார்கள் என்று 2013-இல் அரசு விசாரணை அறிக்கை கூறியது. அதே ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் அயர்லாந்துப் பிரதமர் என்டா கென்னி நாடாளுமன்றத்தில் நாட்டின் சார்பில் அப்பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

பொன்விழா மேடையில் இதை ஏன் பேசவேண்டும் என்று தோன்றலாம். திருச்சபை நம் தாய். தாயின் வீட்டில் நடந்த தவற்றைப் பிள்ளைகள் அறிந்திருந்தால்தான் அது மறுபடி நடவாது. ஒரு பெண்ணுக்குப் பாவி என்று பெயர் வைத்துவிட்டால், அவள் வாழ்நாள் முழுவதும் அழுதுகொண்டே இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் மனப்பான்மை, அந்தச் சொல்லுக்குள்ளும் இருந்தது, அந்தச் சலவைக்கூடத்துக்குள்ளும் இருந்தது.

நற்செய்தி காட்டும் மரியாள்

இனி, நற்செய்தி நூலையே திறந்து பார்ப்போம்.

மகதலா மரியாள் ஒழுக்கம் தவறியவர் என்று நான்கு நற்செய்திகளில் எங்கும் எழுதப்படவில்லை. பேய் பிடித்திருந்தது என்றால் கொடிய துன்பத்துக்கு ஆளாகியிருந்தார் என்பதே பொருள். குணமடைந்தபின் அவர் என்ன செய்தார்? குவுசாவின் மனைவி யோவன்னா, சூசன்னா முதலிய பெண்களோடு சேர்ந்து, தம் சொந்த உடைமையால் ஆண்டவருக்கும் சீடருக்கும் பணிவிடை செய்தார் என்கிறார் லூக்கா. கலிலேயாவிலிருந்து எருசலேம்வரை நடந்தார். சீடர் பலர் சிதறி ஓடியபோது சிலுவையடியில் நின்றார். அடக்கம் செய்த இடத்துக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுநாள் கழிந்ததும் வாசனைத் திரவியங்களோடு விடியுமுன் வந்தார்.

அவர் அழுதார் என்று நற்செய்தி சொல்வது ஒரே ஒரு காட்சியில்தான். யோவான் நற்செய்தி இருபதாம் அதிகாரம், வெறுமையான கல்லறை வாயில். அந்த அழுகை எப்படிப்பட்டது என்று உற்றுப் பாருங்கள். அவர் அழுதுகொண்டே குனிந்து உள்ளே பார்க்கிறார். அழுதுகொண்டே கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிறார். தோட்டக்காரர் என்று எண்ணியவரிடம், உடல் எங்கே இருக்கிறதென்று சொல்லும், நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறார். ஓர் ஆண்பிள்ளையின் உடலைத் தனியாக ஒரு பெண் எப்படித் தூக்கிச் செல்வது என்ற கணக்கெல்லாம் அவர் மனத்தில் இல்லை. அவருடைய கண்ணீர் கண்ணை மறைக்கவில்லை, காலைக் கட்டவில்லை, நாவை அடைக்கவில்லை. தேடிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே தேடினார்.

பெயர்சொல்லி அழைக்கும் குரல் காதில் விழுந்ததும் ஆண்டவரை அறிந்துகொண்டார். என்னைப் பற்றிக்கொண்டு நிற்காதே, என் சகோதரரிடம் போய்ச் சொல் என்று பணிக்கப்பட்டதும் புறப்பட்டார். அந்த மகிழ்ச்சியில் அங்கேயே திளைத்து நிற்க அவருக்கு ஆசை இருந்திருக்கும். ஆயினும் போனார்.

போன இடத்தில் என்ன நடந்தது? மாற்கு நற்செய்தியின் முடிவுப் பகுதி சொல்வதைக் கவனியுங்கள். அங்கே சீடர்கள்தாம் துயருற்று அழுதுகொண்டிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு செய்தி கொண்டுவந்தவர் மரியாள்! லூக்காவோ, அப்பெண்கள் சொன்னதை அப்போஸ்தலர்கள் வெறும் பிதற்றல் என்று எண்ணி நம்பவில்லை என்கிறார். பெண்பிள்ளை ஏதோ உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறாள் என்று தள்ளிவிடும் வழக்கம், உயிர்ப்பு ஞாயிறு காலையிலேயே தொடங்கிவிட்டது. 'மாட்லின்' என்ற சொல் பிறக்க இன்னும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் இருந்தன. அதன் கருத்து அன்றே பிறந்துவிட்டது.

இன்னொன்றும் நியாயமாகச் சொல்லவேண்டும். மூவரையும் ஒருவராக்கிய அதே கிரகோரியார், மற்றொரு மறையுரையில் இக்கல்லறைக் காட்சியை அருமையாக விளக்கியிருக்கிறார். சீடர்கள் வந்து பார்த்துத் திரும்பிப் போனார்கள். இவரோ போகாமல் நின்று தேடினார். விடாமல் தேடியதால்தான் முதலில் கண்டார் என்பது அவ்வுரையின் கருத்து. ஆக, இவருடைய கண்ணீரின் உண்மைப் பொருளும் திருச்சபையின் மரபிலேயே பாதுகாப்பாக இருந்தது. மக்கள் அதை மறந்து மற்றதை வைத்துக்கொண்டார்கள்.

திருத்திய கைகள்

அறிஞர்கள் வாளாவிருக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் லெஃபெவ்ர் தெத்தாப்ல், மூன்று பெண்களும் வெவ்வேறானவர்கள் என்று எழுதினார். 1521-இல் பாரிஸ் இறையியல் அறிஞர் குழு அவர் கருத்தைக் கண்டித்தது. ஆயினும் ஆராய்ச்சி நிற்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின், பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் காலத்தில், 1969-இல் திருவழிபாட்டு நாட்காட்டி சீரமைக்கப்பட்டது. அதுவரை ஜூலை 22-ஆம் நாள் திருப்பலியில், பாவியான பெண்ணைப் பற்றிய லூக்கா நற்செய்திப் பகுதியே வாசிக்கப்பட்டுவந்தது. அது நீக்கப்பட்டு, உயிர்த்த ஆண்டவரை மரியாள் கண்ட யோவான் நற்செய்திப் பகுதி வந்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் பழகிப்போன ஒன்று, ஒரு வாசக மாற்றத்தால் அமைதியாகத் திருத்தப்பட்டது. 2016 ஜூன் 3-ஆம் நாள், பாப்பரசர் பிரான்சிஸ் விருப்பப்படி, இந்நாள் அப்போஸ்தலர்களின் நாள்களுக்கு இணையான விழாவாக உயர்த்தப்பட்டது. 'அப்போஸ்தலர்களுக்கு அப்போஸ்தலர்' என்று புனித தோமா அக்குவினாரும் வழங்கிய பழைய பட்டம் அன்று திருப்பலித் தொடக்கவுரையின் தலைப்பிலேயே ஏறியது. 2021-இல், மார்த்தா, மரியாள், லாசர் மூவரையும் ஜூலை 29-ஆம் நாள் ஒன்றாக நினைவுகூரும்படி விதிக்கப்பட்டது. பெத்தானியா மரியாளுக்கும் தமக்கென்று ஒரு நாள் கிடைத்தது.

திருத்திக்கொள்ளத் திருச்சபை வெட்கப்படவில்லை. அகராதியோ அப்படியே இருக்கிறது. அகராதியை நாம் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம். அந்தச் சொல்லை ஒரு கண்ணாடியாக வைத்துக்கொண்டால் போதும்.

நம் கண்ணீர் எந்த வகை?

தமிழிலும் ஒரு பெண்ணின் பெயர் கண்ணீரோடு ஒட்டிக்கொண்டது உண்டு. பழையனூர் நீலியின் கதையை நீங்கள் அறிவீர்கள். ஏமாற்றுவதற்காக வடிக்கும் கண்ணீரை நாம் நீலிக்கண்ணீர் என்கிறோம். நீலிக்கண்ணீர் பிறரை ஏமாற்றுகிறது. 'மாட்லின்' கண்ணீரோ அழுகிறவரையே ஏமாற்றுகிறது. அழுதுவிட்டோம், ஆகவே அன்பு செலுத்திவிட்டோம் என்று நம்மை நம்பவைக்கிறது. இரண்டில் இதுவே ஆபத்தானது. ஏனெனில் ஏமாந்தது நமக்கே தெரியாது.

பெரிய வெள்ளிக்கிழமை பாடுகளின் வரலாறு வாசிக்கும்போது நாம் விம்மி அழுகிறோம். நல்லதுதான். ஆனால் அந்தக் கண்ணீரோடு வீட்டுக்குப் போய், திண்ணையில் படுக்கையாய்க் கிடக்கும் மாமியாருக்கு ஒரு வாய்க் கஞ்சி கொடுக்க மனமில்லை என்றால் அது எந்தக் கண்ணீர்? அன்னையின் தேர்ப்பவனியில் உருகிப் பாடிவிட்டு, மறுநாள் சொத்து வழக்கில் சொந்தத் தம்பிக்கு எதிராகப் பொய் சொன்னால் அது எந்தக் கண்ணீர்? வானொலியிலும் திரையிலும் கதாநாயகியின் துன்பத்துக்குத் துடித்தழுத நாம், பக்கத்து வீட்டில் கணவனிடம் அடிபடுகிற பெண்ணின் குரல் கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் அது எந்தக் கண்ணீர்?

அழக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆண்டவரே லாசரின் கல்லறையருகே கண்ணீர் விட்டார். எருசலேமைப் பார்த்தும் அழுதார். கல்நெஞ்சம் ஒரு புண்ணியம் அன்று. அழுகிறவர்களை, குறிப்பாக அழுகிற பெண்களை, இது வெறும் உணர்ச்சி என்று ஒதுக்கும் உரிமையும் நமக்கில்லை. உயிர்ப்பின் நற்செய்தி அழுது சிவந்த கண்களோடுதான் முதலில் உலகுக்கு வந்தது. அந்தக் கண்களை நம்பாதவர்கள் சற்றுநேரம் இருளிலேயே இருக்கவேண்டியதாயிற்று.

ஆகவே அளவுகோல் இதுவே: கண்ணீர் எவ்வளவு என்பதன்று, கண்ணீருக்குப்பின் கால்கள் எங்கே போயின என்பதே. குடிகாரனின் கண்ணீர் அவனிடமே தொடங்கி அவனிடமே முடிகிறது. மரியாளின் கண்ணீர் ஒருவரைத் தேடித் தொடங்கியது. பலருக்குச் செய்தியாய் முடிந்தது.

மற்றொரு கடமையும் நமக்கு உண்டு. இந்தப் பங்கிலும், ஒருகாலத்தில் எவரோ சொன்ன ஒரு பேச்சினால், இன்றும் கோவிலில் கடைசித் தூணருகே நின்று திருப்பலி கண்டு, யார் முகத்தையும் பாராமல் போகிற சகோதரிகள் இருக்கக்கூடும். மகதலா மரியாளுக்குத் தம் சொந்தப் பெயர் திரும்பிவர ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நம்மோடு வாழ்கிறவர்களை அவ்வளவு காலம் காக்கவைக்க வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு அவர்களைப் பெயர்சொல்லி அழைத்து, பக்கத்தில் இடம் கொடுத்தால் போதும். ஆண்டவரும் கல்லறைத் தோட்டத்தில் பெரிய பிரசங்கம் ஏதும் செய்யவில்லை, பெயர்சொல்லித்தான் அழைத்தார்.

ஐம்பது ஆண்டுகளை நிறைவுசெய்யும் நம் பங்கு, அழுகிறவர்களைக் கேட்கும் பங்காகவும், அழுதபின் எழுந்து நடக்கும் பங்காகவும் விளங்க, அப்போஸ்தலர்களுக்கு நற்செய்தி அறிவித்த புனித மகதலா மரியாள் நமக்காக வேண்டிக்கொள்வாராக.